மழைக்கு முன் ஒரு பாய்

பங்வேலு சதுப்பின் மணல்திட்டில், கோரைப்பாய்களின் மேல் சிசென்சே காய்கிறது. விரல் நீளம்கூட இல்லாத பொடிமீன். மூன்று நாள் பாடு. இன்னும் ஒரு வெயில் பட்டால் போதும். குடிசை வாசலில் கட்டோங்கோ படுத்திருக்கிறாள். போன வாரம் படகுத்துறையில் வழுக்கி விழுந்து ஒடிந்த காலைக் குச்சி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கிழக்கே வானம் கறுத்து, நாணல்கள் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுகிறது.

"முகுபா! என் பாய் ஒண்ணையாவது சுருட்டிப் போடுடி!"

பக்கத்துக் குடிசைக்காரி தன் பாய்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். "எனக்கே இன்னும் நாலு கெடக்குக்கா! உன் வீட்டுக்காரர் எங்க?"

"தண்ணியில."

கட்டோங்கோ முழங்கையை ஊன்றித் தவழ்கிறாள். கால் வலியில் கண் இருட்டுகிறது. முதல் பாயை எட்டுவதற்குள் மழை கொட்டிவிடுகிறது. பாவாடைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மீன்மேல் போடுகிறாள். அது பாயின் ஒரு மூலையைத்தான் மூடுகிறது. மற்ற மீனெல்லாம் மினுமினுப்பு போய்ச் சாம்பல் நிறமாகி, மணலில் ஓடும் நீரோடு கொத்துக் கொத்தாகச் சதுப்புக்குள் இறங்குகிறது. கையால் அணைபோட்டுப் பார்க்கிறாள். விரலிடுக்கில் நழுவுகிறது.

தூரத்தில், இன்னும் வெயிலடிக்கும் தண்ணீரில், அவள் கணவன் ஙாண்ட்வே படகில் நின்றபடி கூவுகிறான்.

"கட்டோங்கோ! படகு தாங்கல புள்ள, அம்புட்டு மீன்! பாயெல்லாம் காலி பண்ணி வை!"

இந்த மழையில் மீனோடு வர வேண்டாம் என்பதுபோல அவள் கையை உயர்த்துகிறாள். அதை வரவேற்பென்று எண்ணி அவனும் சிரித்துக்கொண்டே கழியைத் தூக்கி ஆட்டுகிறான்.