ஏழு ஓட்டை நாற்காலி

நாற்காலியின் முதுகுப் பலகையில் ஆறாவது ஓட்டையைப் போட்டுவிட்டு, ஏழாவதுக்கு டிரில்லைத் தூக்கினாள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திய வேகத்தில் டிரில் சறுக்கி, ஓட்டை கோணலாக விழுந்தது.

"அடியே, போதும்டி! பலகையா, சல்லடையா?" என்று பதறினான் கணவன். "எவனாவது சாஞ்சு உக்காந்து, ஒடிஞ்சு, இடுப்பு போச்சுன்னா?"

"எவனாவது எதுக்கு விழணும்? எங்கண்ணன் விழணும். நல்லா விழணும்."

இடித்த வீடுகளின் கதவையும் ஜன்னல் சட்டத்தையும் வாங்கி வந்து கணவன் இழைப்பான். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சைக்கிள் செயினையும் தண்ணீர்க் குழாயையும் அவள் வெல்டிங் வைத்துக் காலும் கையுமாக்குவாள். ஒரு பலகை மாதிரி இன்னொரு பலகை இருக்காது. ஒரு நாற்காலியை முடிப்பதற்குள் வாரம் ஓடிவிடும், உயிரும் போய்விடும்.

அதே பட்டறையில் மூன்று வருஷம் கூட வேலை செய்தவன்தான் அவள் அண்ணன். போகும்போது அவள் படம் வரைந்து வைத்திருந்த நோட்டையும் சுருட்டிக்கொண்டு போய், அடுத்த தெருவிலேயே கடை போட்டான். அவனுக்கு மட்டும் பழைய மரம் எங்கிருந்துதான் கொட்டுமோ, வாரத்துக்குப் பத்து நாற்காலி இறங்கின.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். "என் தங்கச்சிதான் என்னைப் பாத்துக் காப்பியடிக்கிறா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தானே, அதை எப்படிப் பொறுப்பது?

நேற்று, புதிதாக ஓட்டல் திறக்கப்போகும் ஒரு அம்மா வந்து, பேசி முடித்திருந்த இருபது நாற்காலிகளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "தப்பா எடுத்துக்காதம்மா. அசலே உங்கண்ணன்கிட்ட கிடைக்கும்போது எனக்கு நகல் எதுக்கு?" அந்தக் குரலில் இருந்த இரக்கத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏழு ஓட்டையிலும் துருத் தண்ணீரைத் தடவிக் காயவைத்து, நாற்காலியைப் பட்டறை வாசலில் எடுத்துப் போட்டாள்.

இரண்டாம் நாளே அண்ணன் வந்து நின்றான். கூடப் பிறந்தவனை வராதே என்றா சொல்ல முடியும்? அவள் கொடுத்த டீயை உறிஞ்சிக்கொண்டே நாற்காலியைச் சாண் போட்டு அளந்தான்.

"நல்லா வந்திருக்கு தங்கச்சி. என் மாடல்தானே?"

"உன் மாடல்தாண்ணே. பிடிச்சிருந்தா எடுத்துட்டுப் போயேன்."

வெட்கமே இல்லாமல் தூக்கி வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனான். வண்டி மறைந்ததும் கணவன் தலையில் கை வைத்தான்.

"மச்சான் அதுல உக்காரப் போறதில்லடி. அதை வச்சு ஓட்டலுக்கு ஈயடிச்சான் காப்பி அடிக்கப் போறான். இருபதும் ஒடிஞ்சா, சாப்பிட வந்தவங்கல்ல விழுவாங்க! அவங்க என்னடி பாவம் பண்ணாங்க?"

"நீங்க சும்மா இருங்க. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சே தீரணும்."

கணவன் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

ஓட்டல் திறப்பு அன்று அண்ணனே போன் போட்டு இரண்டு பேரையும் அழைத்தான். வந்து பார்த்து வயிறு எரியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். உள்ளே அதே நாற்காலி, இருபதாக வரிசைகட்டி நின்றது. விருந்தினர்கள் நின்றபடியே வேடிக்கை பார்த்தார்கள்.

"எதுக்கு நிக்கிறீங்க? கல்லு மாதிரி இருக்கும், இப்படி உக்காருங்க!" என்று அண்ணன் ஒரு நாற்காலியில் தொப்பென்று விழுந்து, பின்னால் நன்றாகச் சாய்ந்தான்.

கணவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்தான். கிரீச் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாற்காலி அப்படியே நின்றது.

"ஒடியலையேடி!" என்றான் காதுக்குள். நிம்மதியா ஏமாற்றமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஏழு ஓட்டைக்கு ஒடியுமா? ஒடியும்னு நான் எப்பச் சொன்னேன்?"

அண்ணன் சாய்ந்த சாய்விலேயே ஓட்டல்கார அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தான். "ஒவ்வொரு முதுகும் ஒவ்வொரு வீட்டுக் கதவும்மா. இருபது வீடு. ஒண்ணொண்ணும் நூறு வருஷத்து மரம். ஆணி பிடுங்கின தழும்புகூட அப்படியே இருக்கு, தொட்டுப் பாருங்க."

"தொட்டுப் பாருங்கம்மா," என்றாள் தங்கையும், முன்னால் வந்து. "ஒண்ணு விடாம தொட்டுப் பாருங்க."

அந்த அம்மா ஆசையாகத்தான் ஆரம்பித்தாள். மூன்றாவது நாற்காலியில் சிரிப்பு நின்றது. ஐந்தாவதில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். பத்தாவதில் நிமிர்ந்து அவனையே பார்த்தாள். சாய்ந்திருந்தவன் தானாக எழுந்து நின்றான்.

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி! தங்கை அதை நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"ஏண்ணே, இருபது வீட்டுக்காரங்களும் பேசி வச்சுக்கிட்டா ஏழாவது ஆணியைக் கோணலா அடிச்சாங்க?"