தொட்டிக்குள் பத்து நிமிடம்

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த எஸ்தர், உள்ளே விஷவாயு இருப்பதாகப் புகார் சொன்னதும் தோல் தொழிற்சாலை மொத்தமும் தானாக நின்றது. மேனேஜர் ஞானவேல் ஓடிவந்து சுவரிலிருந்த கணினித் திரையில் கட்டைவிரலை வைத்தார்.

"வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய்ப் புகார்."

"மறுப்பு பதிவானது," என்றது திரை. "சட்டப்படி, மறுத்தவர் தொட்டிக்குள் பத்து நிமிடம் நின்றால் ஆலை ஓடும்."

தொட்டியின் மூடி திறந்தது. எஸ்தர் தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கங்க சார். எங்க வீட்டுக்காரரோடது. போன வருசம் உங்க பேச்சை நம்பி எறங்கினாரு, பொணமாத்தான் வெளிய வந்தாரு. அப்ப இந்தச் சட்டம் இல்ல."

ஞானவேல் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுப்பை அழித்தார்.

எஸ்தர் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அப்ப சுத்தம் பண்ற மெஷினையே உள்ள எறக்குங்க. நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்."