ஆறு பத்து

ஆறு பத்துக்கு இரும்பு பீரோ ஒருமுறை உறுமியது.

ஒரே ஒருமுறை.

கண்மூடி உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் ஒருவரும் அசையவில்லை. அவரும் அசையவில்லை. அசைந்தால் தெரிந்துவிடும்.

மௌன முகாமின் மூன்றாம் நாள். மூன்று நாளும் இதே நேரம், இதே உறுமல்.

பீரோவுக்குள் நாற்பது துணிப்பைகள். பைக்கு ஒரு செல்போன். முதல் நாள் வாசலில் நின்று அவற்றை வாங்கி வைத்தவரே அவர்தான். ஏழு முகாம் கண்டவர் என்று விதிகளை வாசிக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்திருந்தார்கள். "அணைத்துவிட்டுக் கொடுங்கள். பத்து நாள் உலகம் நம்மை எட்டக் கூடாது" என்று, மலைமுகாமுக்கு வந்ததும் மாறியிருந்த குரலில் இன்னும் கொஞ்சம் குளிர் சேர்த்து வாசித்தார்.

தன்னுடையதை அணைக்கவில்லை.

மறதி என்று முதல் நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாம் நாள் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ஆசிரியர் அந்த உறுமலையும் வீணாக்கவில்லை. "அதுதான் உலகம். அழைக்கும். போகாதீர்கள்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார்.

அது உலகம் இல்லை.

அது மங்கையர்க்கரசி.

பதினொரு வருடமாக, ஆத்தூரில் அலுவலகம் முடிந்து பஸ் ஏறியதும் அவருடைய மனைவி ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். எடுக்கக் கூடாது. உலை வைக்க வேண்டும். அதற்கு அவ்வளவுதான் அர்த்தம். வாழப்பாடியில் இறங்கி அவள் வீட்டுப் படியேறும்போது சோறு வடித்து ஆவி பறக்கும்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழு நேரமும் அமைதியைத் தேடிக்கொண்டிருந்த மனிதர் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

புறப்பட்ட அன்று வாசலில் நின்று, "உள்நோக்கிப் பயணப்படறேன் மங்கை. பத்து நாளைக்கு நான் இல்லைன்னு நெனச்சுக்கோ" என்றார்.

"ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டீங்களா" என்றாள் அவள்.

நான்காம் நாள் மாலை பீரோ உறுமவில்லை.

ஒரு கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு இருபது.

மூச்சைக் கவனித்தார். கவனிக்க மூச்சு இருந்தால்தானே.

எல்லாம் வரும், போகும் என்று மனதுக்குள் சொன்னார். ஒரு பஸ் வந்தது. எதிரே ஒரு லாரி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா வந்தது.

ஒன்றும் போகவில்லை.

யாரோ இருமினார்கள். யாரோ காலை மாற்றிப் போட்டார்கள். அன்றைக்கு ஆசிரியர் பேச்சைப் பத்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, பீரோச் சாவியை இடுப்பில் செருகியிருந்த சமையல்கார அம்மாளிடம் போய் நின்றார். பழனியம்மாள். வாய் திறக்க அனுமதி உள்ள இரண்டு பேரில் ஒருத்தி. அவர் விதிப்படி துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்.

'சத்தம் போடுவது என்னுடையது.'

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரூல்ஸ் படிச்ச ஐயாதானுங்களே?"

அவர் தரையைப் பார்த்தார்.

பையைப் பிரித்தாள். டிஜிட்டல் விரதம் என்று ஊரெல்லாம் சொல்லி அவர் வாங்கிய பட்டன் போன். திரை இருண்டு கிடந்தது.

"சார்ஜ் தீந்துபோச்சுங்க. வேற ஒண்ணுமில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நேத்து அது கத்தலைன்னதும் எனக்கே கை ஓடலீங்க. சொருகி விடறேன், ஒரு வார்த்தை பேசிடறீங்களா? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். பதினொரு வருடத்தில் ஒருநாளும் அவர் திருப்பிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டால் அவள் பயந்துபோவாள்.

வேறு யாராவது எடுத்துவிட்டால் என்ற பயம் அவருக்கும் இருந்தது. அதைச் சீட்டில் எழுத முடியாது.

சார்ஜரை மட்டும் கை காட்டினார்.

மாலைக்குள் பை பீரோவுக்குத் திரும்பியது. அணைக்காமல்.

ஐந்தரைக்கு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

நேற்றும் அவள் கூப்பிட்டிருந்தால், ஸ்விட்ச் ஆஃப் என்று சொல்லும் அந்தப் பெண் குரலைக் கேட்டிருப்பாள். உலையும் இல்லை, எடுக்கவும் ஆள் இல்லை என்று தெரிந்தே மூன்று நாள் கூப்பிட்டவள்.

அணைத்தே விட்டார் என்றல்லவா நினைத்திருப்பாள்.

இனி எதற்குக் கூப்பிட வேண்டும்?

ஆறு பத்து.

ஒன்றுமில்லை.

ஆறு பதினொன்று. கூடத்தில் அத்தனை அமைதி அதுவரை இருந்ததில்லை.

இமையை லேசாக விலக்கிப் பார்த்தார். மேடையில் ஆசிரியரும் அரைக் கண்ணால் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு பன்னிரண்டு.

பீரோ உறுமியது.

ஒரே ஒருமுறை.

நாற்பது பேரும் சேர்ந்தாற்போல் மூச்சு விட்டார்கள். நாலு நாள் சொல்லிக் கொடுத்தும் வராத மூச்சு.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதுகு தானாக நிமிர்ந்தது. மடியில் மல்லாந்து கிடந்த வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மெல்ல எழுந்து, கேஸ் அடுப்பின் திருகைத் திருப்பின.