உப்புக் குப்பியில் நுரை

தடயத்தை அழிக்க அவருக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. ரயிலை விட்டு இறங்கிவிட்டதாக மகளிடமிருந்து போன் வந்தாயிற்று.

குழாயைத் திறந்து குப்பியை நீட்டினார். நுரை பொங்கியது. தள்ளுபடி போர்டு மாட்டிய கடையில் கூட்டம் நுழைகிற மாதிரி, ஒன்றைத் தள்ளினால் இரண்டு வந்து நின்றது.

சாப்பாட்டு மேசையின் உப்புக் குப்பி அது. இன்று காலை அதற்குள் இருந்தது, நீலப் புள்ளி போட்ட சோப்புத்தூள்.

போன வாரம் சர்க்கரை. முந்தாநாள் மாவு. இரண்டு தடவையும் சத்தம் காட்டாமல் கொட்டிக் கழுவி வைத்துவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் ஊசி எங்கே, நூல் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள் இப்படித் தடுமாறுகிறாள் என்றால், அதை அவளிடமே போய் எந்த வாயால் சொல்வது?

பயம் அதற்கல்ல. மூன்று நாள் முன்பு மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தபோது மகளின் குரல் வெளியே கேட்டது. "இனிமே சும்மா இருக்க முடியாதும்மா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." அவர் தலையைக் கண்டதும் மனைவி பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆக, விஷயம் மகளுக்கு எட்டிவிட்டது. அவள் கொண்டுபோன எதையும் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. அம்மாவை மட்டும் தருவாளா? அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவரும் சுவர்க் கடிகாரமும்தான்.

முப்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவருக்குக் குப்பி கழுவுவது தண்ணி பட்ட பாடு. மூடியின் துளைகளைப் பல் குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தார். மரையில் பழைய பிரஷ்ஷை ஓட்டினார். வெந்நீரில் அலசி, துணியைத் திரியாக்கி உள்ளே விட்டுத் துடைத்து, அடுப்பின் சூட்டில் கவிழ்த்தார். "ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உப்பு கட்டி பிடிச்சுக்கும்" என்று ஊருக்கெல்லாம் சொல்லி விற்றவர் அவர்.

அலமாரியின் நடு ஜாடியிலிருந்து வெள்ளையாக அள்ளி நிரப்பினார். ஈரம் இழுக்கப் பத்து அரிசி. மூடியைத் திருகி மேசையில் வைத்தார்.

"ஏங்க, அடுப்படியில என்ன உருட்டிட்டு இருந்தீங்க?" மனைவி பின்னாலேயே நின்றாள்.

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சேன்."

"தண்ணி குடிச்சதுக்குச் சட்டையெல்லாம் நுரையா?"

"வாங்காத கஸ்டமர் மாதிரி குடையாத. போய்த் தட்டை எடுத்து வை."

அழைப்பு மணி அடித்தது. அவர் போய்க் கதவைத் திறந்து, மகளின் பையை வாங்கிக்கொண்டு திரும்பினார். மேசையில் குப்பி இல்லை. சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம்.

"குப்பி எங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"ஏன் கத்துறீங்க? பிசுக்கா இருந்துச்சு, துடைச்சேன்." மனைவி கொண்டுவந்து, சரியாக மகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

போச்சு. இருபது நிமிட வேலை குப்பைக்குப் போச்சு. இப்போது அதற்குள் என்ன கிடக்கிறதோ!

மகள் அவித்த முட்டையைப் பிளந்து வைத்துக்கொண்டு குப்பியை எடுத்தாள்.

"அதை விடு கண்ணு, உப்பு உடம்புக்கு ஆகாது."

"உப்பில்லாம முட்டையா? என்னப்பா, எனக்குத் தண்டனையா?" குப்பியைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினாள். கடித்தாள். மென்றாள். அவர் அவளுடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முகம் சுளிக்கவில்லை. மீதி முட்டைக்கும் தூவிக்கொண்டாள்.

உப்புதான்! அவர் அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தார்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே மகள் ஆரம்பித்தாள். "அப்பா, நாலு மணிக்கு ஒரு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். ஞாபக மறதிக்குப் பாக்குறவர்."

அவருடைய வாய் பேரம் பேசியே வளர்ந்த வாய்.

"டாக்டர் ஓடியா போயிடுவாரு? ஆறு மாசம் பொறு கண்ணு."

"அப்பா, நான் சொல்றதை..."

"சரி, மூணு மாசம். இல்லையா, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், ஒரு மாசம். அவளை நான் பாத்துக்கறேன். குப்பியில அவ என்னத்தைப் போட்டு வச்சாலும் நானே கழுவிக்கறேன், வெளியில தெரியாது. இத்தனை நாள் அக்கம்பக்கத்துல யாருக்காவது தெரிஞ்சுதா?" மகளின் பக்கம் குனிந்தார். "ஒரு வாரமாவது குடு. எங்கிட்ட இருந்து கூட்டிட்டுப் போயிடாத."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை ஒட்டி உட்கார்ந்தாள். அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். அவள் விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது.

"நீங்க மட்டுமா கழுவுறீங்க? நானும்தான் கழுவிட்டு இருக்கேன்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. மனைவியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டர் பாக்கப்போறது உங்களத்தாங்க."