சரிவில் உருண்ட சேலை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் தங்கை மருதாயி. அவள் பேத்தி தேவி. தேவியைத் தங்கள் மகனுக்குக் கேட்டுத் தேவாரம் ஊரிலிருந்து வந்திருந்த முத்துப்பாண்டி, அவர் மனைவி கற்பகம். பிறகு நான்.

வேறு யாரும் இல்லை. நாளைக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்லுவார்கள் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டி.வி.யில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கற்பகம்தான் தன் போனில் தேடிப் பிடித்துப் போடச் சொன்னார். ஐம்பது வருடத்துக்கு முந்திய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம். போடிமெட்டுக்கு மேலே, என் அப்பா கங்காணியாக இருந்த ஏலத்தோட்டத்தில் பதினோரு நாளில் எடுத்து முடித்தது.

கடத்தல்காரர்களிடம் ஒரு ஜீப்பு இருந்தது. அவர்களைத் துரத்திய போலீசும் அதே ஜீப்பில்தான் வந்தது.

ஆனால் நடித்தவர்களைக் குறை சொல்ல நான் விடமாட்டேன்.

வில்லனின் கையாளாக வந்தவருக்கு டைட்டிலில் பெயர்கூட இல்லை. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவரைச் சுடுகிறார்கள். நெஞ்சைப் பிடிக்கிறார். தள்ளாடுகிறார். கையிலிருந்த கிளாசைப் பக்கத்து மேசையில் மெதுவாக வைக்கிறார். அப்புறம்தான் விழுந்து சாகிறார்.

"குண்டு பட்டவன் கிளாசைப் பத்திரமா வச்சுட்டாய்யா சாவான்!" முத்துப்பாண்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கிளாஸ் மெட்டுக் கடையில் இரவல் வாங்கியது. உடைக்கக் கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அதையும் காப்பாற்றி, சாவையும் நம்பவைத்தார் அந்த மனிதர். அவர் கண் மூடுவதைப் பார்க்க வேண்டும். ஒரு கண் முதலில். மற்றது சற்றுப் பொறுத்து. பெரிய பெயர் வாங்கியவர்களுக்கும் அப்படிச் சாக வராது.

"இனிமேத்தான் அது வருது," என்றார் கற்பகம். "கதாநாயகி மலையில உருளுறா பாருங்க, அது அவ இல்லையாம். டூப்பாம். இந்த வீட்டு ஆத்தாதான்னு எங்க ஊருல இன்னமும் பேசுறாக. நெசமாத்தா?"

கேள்வி சிரிப்போடுதான் வந்தது. சம்பந்தம் பேச வந்த இடத்தில் அப்படிக் கேட்பவர்கள் சிரிப்புக்காகக் கேட்பதில்லை.

"நான் இல்லைத்தா," என்றாள் மருதாயி.

ஐம்பது வருடமாக அவள் சொல்லிவரும் பதில். ஒருவரும் நம்பியதில்லை. சிலமலை ஊரில் அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். சினிமாக்காரன் முன்னால் சேலை விலக உருண்டவள் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். மூன்று வருடம் கழித்து, ராசிங்காபுரத்துக்கு இரண்டாம் தாரமாகப் போனாள்.

தேவி தட்டிலிருந்த முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒருவன் கதாநாயகியைத் தள்ளினான்.

ஏலச்செடிகளுக்கு நடுவே அந்த உருவம் உருண்டது. முகம் தெரியவில்லை. சவுரியும் முந்தானையும் சுற்றிக் கிடந்தன. ஆனால் என்ன உருளல்! முழங்கையை உள்ளே மடக்கி, தலையைக் காத்து, ஒரு செடியைக்கூட முறிக்காமல், வாய்க்கால் விளிம்பில் வந்து நின்றது. அந்தச் சரிவிலேயே பிறந்து வளர்ந்த உடம்புக்குத்தான் அது முடியும்.

இரண்டாவது முறை எடுக்கவில்லை. பிலிம் இல்லை. அதனால் பிறகு நடந்ததும் படத்தில் அப்படியே தங்கிவிட்டது.

உருவம் எழுந்தது. முதுகுதான் தெரிந்தது. தொங்கிய சேலையின் ஓரத்தைக் குதிகாலால் பின்னுக்குத் தட்டி, மேலே வந்ததைக் கையால் பிடித்து, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டப் போனது. அதற்குள் காட்சி மாறிவிட்டது.

தேவி நிமிர்ந்தாள். ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினாள்.

"இதென்ன, பொம்பள வேட்டி கணக்காத் தட்டுறா?"

மறுபடி ஓட்டினாள். மூன்றாம் முறையும் ஓட்டினாள்.

மருதாயி என்னைப் பார்க்கவில்லை. இந்தப் பேச்சு வரும்போது அவள் என்றைக்குமே என்னைப் பார்ப்பதில்லை.

சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் வேட்டியை இறக்கி விட்டுத்தான் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தவறியதில்லை. எழுபத்து நான்கு வயது வரை நானும் தவறியதில்லை.

எழுந்தேன். டி.வி.க்கு முன்னால் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வேட்டியின் ஓரத்தைக் குதிகாலால் தட்டினேன். பிடித்தேன். மடித்துக் கட்டினேன்.



"எறக்கி விடுண்ணே," என்றாள் மருதாயி. "சம்பந்தக்காரக இருக்காக."

நான் இறக்கவில்லை.

"கிளாசுக்காரனை நீங்க தூக்கிச் சாப்பிட்டீக பெரியவரே," என்றார் முத்துப்பாண்டி. அது முகத்துக்காகச் சொன்னது. கிளாசுக்காரரை யாரும் மிஞ்ச முடியாது. கற்பகம் எழுந்துபோய் மருதாயியை ஒட்டி உட்கார்ந்தார்.

இன்னமும் பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்லுகிறேன்.

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்குள் மருதாயி அன்று நடிகையின் சேலையோடு போனது உண்மை. படத்துக்கே அந்த ஒரு சேலைதான். நடிகை கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜீப்புக்குள் இருந்தார். டூப் போட்ட ஆள் தன் மீசையை மழிக்க மறுத்ததால், முதுகைக் காட்டி எழச் சொன்னதும் உண்மை. எனக்கு அந்த மாதம் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது. மருதாயியின் கையை என் தலையில் வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினேன். சிலமலைக்காரர்கள் திரும்பிப் போன அன்றும் அவள் அதைக் காப்பாற்றினாள்.

மருதாயி உருளவில்லை. சேலையைக் கட்டிவிட்டவள் மட்டும்தான் அவள். உருண்டவன் நான்.