நிழலில் உலர்ந்த கொட்டை

ஜன்னல் வெயில் சோதனைக் குழாயில் விழுகிறது. மாவு சர்க்கரையாவதை நாவல் கொட்டைச் சாறு தடுத்திருந்தால், அயோடின் பட்டதும் நீலம் பூக்க வேண்டும். பேராசிரியர் சொட்டுச் சொட்டாக விடுகிறார். வெறும் மஞ்சள். சோதனையைப் பார்க்க வந்திருக்கும் நிபுணர்களில் ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். காது சிவக்க, பேராசிரியர் என் பக்கம் திரும்புகிறார். "என்னம்மா இது? கொட்டையை எப்படிக் காயவெச்சே?" "உங்க கட்டுரையில இருக்கிறபடியேதான் சார், ஓவன்ல." ஆறு வருஷம் கொட்டை அரைத்தவள் நான், கட்டுரையில் அவர் பெயர் மட்டும். சோதனை முடிவை மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டவர், செய்முறையை, ஓவனில் காயவைத்துப் பார்த்த காலத்து என் பழைய நோட்டிலிருந்து சுருட்டிவிட்டார். சூட்டில் மருந்து செத்துப்போகும், நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்பது என் பையிலுள்ள புது நோட்டில் இருக்கிறது. குழாயை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைக்கிறேன். ஒட்டியிருக்கும் சீட்டில் இந்த முறையும் அவர் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.