எதிர்க்கடைப் போணி

"தூக்குவாளி இல்லீங்க" என்றார் பாத்திரக்கடை அண்ணாச்சி.

தலைக்கு மேல் தூக்குவாளிகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

வந்தவர் வாளிகளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஆர்டர். எதிர்க்கடையில கேளுங்க."

இருப்பதை இல்லையென்று சொல்வது வரி கேட்டு வருகிறவர்களிடம் மட்டும். வாங்க வந்தவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. நாக்கு கசந்தது.

எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதுவும் பாத்திரக்கடைதான், புதுக்கடை. திறந்த நாளிலிருந்து ஒரு கரண்டிகூட விற்கவில்லை. இன்றும் போணி ஆகாவிட்டால் சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிடுவதாகக் கட்டடச் சொந்தக்காரர் தவசிக்கனியிடம் சொல்லியிருக்கிறாள். டீக்காரர் புண்ணியத்தில் தெருவுக்கே தெரியும்.

எப்படிப் போணி ஆகும்?

வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடமாட்டாள். விலையைக் குறைத்துக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பேரம் பேச வந்தவன் துக்கம் விசாரித்தவன் போலத் திரும்பிப் போவான்.

பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்ததில் அவருக்குப் பல் தேய்ந்ததுதான் மிச்சம்.

போட்டி ஒழிந்தது என்று இருந்திருக்கலாம். அவருடைய அப்பா அப்படித்தான் இருந்திருப்பார். சூடம்கூடக் கொளுத்தியிருப்பார்.

ஆனால் நாளெல்லாம் எதிரே ஒரு முகம் தொங்கிக்கொண்டிருந்தால், டிபன் பாக்ஸைத் திறக்க முடிகிறதா?

வந்தவர் தெருவைத் தாண்டினார்.

அண்ணாச்சி தராசைத் துடைப்பது போல எட்டிப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். ஒரு வாளியை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள்.

கொடு. கொடுத்துத் தொலை.

கொடுக்கவில்லை. ஏதோ கேட்டாள். பிறகு கையை நீட்டிக் காட்டினாள்.

இவர் கடையை.

வந்தவர் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி கடைப் படி ஏறுன ஆளுக்கு நான் விக்கப்படாதுன்னு சொல்லுது அந்தக்கா."

அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அது அவர் வைத்த சட்டம். அவள் கடை திறந்த அன்று, கட்டிய மாவிலை வாடுமுன்னே, மெனக்கெட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. என் படி ஏறிய ஆள் எனக்கு, உன் படி ஏறிய ஆள் உனக்கு. பஜார் மரியாதை.

வியாபாரத்தில் அவளுக்கு வேறொன்றும் மண்டையில் ஏறவில்லை. இது மட்டும் ஏறியிருக்கிறது.

"நானே சொன்னேன்னு சொல்லி வாங்கிக்கோங்க."

வந்தவர் நடுத்தெருவரை போனார். நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். முக்கில் பஸ் ஹாரன் அடித்தது.

"விக்கதுக்குத்தான கடை வச்சிருக்கீக ரெண்டு பேரும்? இல்ல, கண்காட்சியா?"

வெறுங்கையோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அண்ணாச்சி செருப்பை மாட்டினார். மாட்டியது இடம் வலம் மாறியிருந்தது. அப்படியே தெருவைத் தாண்டினார்.

"ஏம்மா, வந்த லட்சுமியைத் திருப்பி விடுவாகளா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்க இன்னும் போணி பண்ணலியே அண்ணாச்சி. காலையில இருந்து பாத்துட்டுத்தான இருக்கேன்."

அவர் திரும்பித் தன் கடையைப் பார்த்தார்.

உண்மைதான். கல்லாப்பெட்டி காலையில் சூடம் காட்டிச் சாத்தியது, சாத்தியபடியே இருக்கிறது. அவர் இங்கே பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவள் அங்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவருக்குக் கோபம்தான் வந்தது.

"அந்த வாளி என்ன விலை?"

சொன்னாள்.

கேட்ட விலையைக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அது போணி இல்லை, தருமம். அவளுக்கும் தெரிந்துவிடும். பாதி விலைக்குக் கேட்டார்.

தலை குனியும் என்று பார்த்தார்.

குனியவில்லை. எதிர்க்கடைக்காரரே கேட்கிறார் என்றால் சரக்கு நல்ல சரக்குதான் என்று தெரிந்துபோயிற்று போல.

"கட்டுப்படியாகாது அண்ணாச்சி."

கொஞ்சம் ஏற்றினார்.

"கட்டுப்படியாகாது."

இன்னும் கொஞ்சம். கிளம்புவது போல இரண்டு எட்டு நடந்தும் பார்த்தார். பஜாரில் யாரையும் வளைக்கிற நடை அது.

அவள் கூப்பிடவில்லை.

திரும்பி வந்து, சொன்ன விலைக்கே வாங்கினார். யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். டீக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கடைக்கு வந்து வாளியைத் தொங்கவிட்டார். பத்தோடு பதினொன்று. வாங்கின விலைக்கு மேல் யாரிடம் விற்பது? விளங்கின மாதிரிதான்.

படியில் நிழல் விழுந்தது.

அவள். கையில் அதே நோட்டு. மூலையில் மஞ்சள் கறை இருந்ததால் தெரிந்தது.

"ஒரு தோசைக்கரண்டி."

விலை சொன்னார்.

பாதிக்குக் கேட்டாள். கண்ணைத் தாழ்த்தாமல் கேட்டாள். கரண்டியைத் திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், காம்பு லேசு என்றாள். போகிறேன் என்று படியிறங்கினாள். அதே இரண்டு எட்டு.

அவர் கூப்பிட்டுத் தொலைத்தார்.

நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். கல்லாவைத் திறந்து மீதியைக் கொடுத்தார். கை கொடுத்தது, வயிறு எரிந்தது.

"காம்பு ஆடுச்சுன்னா நாளைக்கு வந்து மாத்துவேன், அண்ணாச்சி."

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' பலகை அவர் தலைக்கு மேலேயே இருந்தது.

காட்டுவதற்குக் கையைத் தூக்கினார்.

"நாளைக்கா?"

தூக்கிய கையால் பிடரியைச் சொறிந்துகொண்டார்.

"வெள்ளன வா. மத்தியானம் வந்தா மாத்தமாட்டேன்."